ஆளுக்கு எட்டு மார்க்

அத்தியாயம் 17

பாபநாசம் கண்ணுசாமி வீட்டை விட்டு நாம் போன வாரம் கிளம்பியபோது, சென்னையிலிருந்து மகனும் மருமகளும் வந்து இறங்கியிருந்தார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு இன்னும் எட்டே நாள். திருக்கடையூரில் மண்டபம் பேசியாகிவிட்டது, மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக முப்பத்திரண்டு வருஷம் மதகு திறந்து மூடிய கண்ணுசாமி, கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத கட்சிக்காரர். மனைவி அம்சம் மூன்று நாள் பேசாமல் இருந்து காரியத்தைச் சாதித்துவிட்டாள்.

மகன் செழியனையும் மருமகள் ஷைலஜாவையும் நம் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 'ரெண்டு டிக்கெட்' என்று அவர்கள் நடத்தும் சேனலுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். வெள்ளிக்கிழமை முதல் காட்சி பார்த்துவிட்டு தியேட்டர் வாசலிலேயே நின்று விமர்சனம் சொல்வார்கள். படம் சரியில்லாத வாரங்களில் எங்காவது ஊர்சுற்றப் போய்விட்டு அதற்கும் ஒரு விமர்சனம். கடைசியில் ஆளுக்கொரு சிலேட்டில் பத்துக்கு எத்தனை என்று மறைத்து எழுதி, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுவார்கள். அவன் எட்டு போட்ட படத்துக்கு அவள் மூன்று போடுவாள். பிறகு ஐந்து நிமிஷம் சண்டை. அந்தச் சண்டைக்காகவே சேனல் பார்த்தவர்கள் பாதிப் பேர்.

காதல் கல்யாணம். அதுவும் எப்படிப்பட்ட காதல். ஷைலஜாவின் அப்பா நாணுவின் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் பாபநாசத்தைச் சுற்றி நாலு வேலி நிலம் இருந்தது. அந்த நிலத்தில் நாற்றுப் பறித்தவர், அண்டை வெட்டியவர், கண்ணுசாமியின் அப்பா. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாணு ஒருநாளும் சம்பந்தி வீட்டுப் படியேறியதில்லை. பெண்ணிடம் பேசியதுமில்லை.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

செழியனின் தங்கை எழில்மொழிக்குத் தஞ்சாவூரில் வேலை. மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் சேக் தாவூது என்பவர் ஆரம்பித்திருக்கும் எஸ்கேப் ரூம். பணம் கட்டி உள்ளே போனால் கதவைச் சாத்திவிடுவார்கள். அறைக்குள் ஒளித்து வைத்த துப்புகளைக் கண்டுபிடித்து, பூட்டு மேல் பூட்டாகத் திறந்து, ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். காசு கொடுத்து யாராவது பூட்டி வைக்கச் சொல்வார்களா என்று கண்ணுசாமி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

தாவூது பாயின் அப்பா அம்மாப்பேட்டையில் ரைஸ் மில் வைத்திருந்தவர். மில் போய்விட்டது, சாமான்கள் மிஞ்சின. தராசு, எடைக்கல், மரக்கால், பெல்ட் ஓடும் சக்கரம், முதலாளியின் மேஜை என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து ஓர் அறையில் நிரப்பி, காணாமல்போன மில் முதலாளியைத் தேடும் கதையாக ஆக்கியிருந்தார். நல்ல கற்பனைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவிர ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. அண்ணனும் அண்ணியும் ஒரு விமர்சனம் போட்டால் கூட்டம் வரும் என்று எழில்மொழிதான் அவர்களை வரச்சொல்லியிருந்தாள்.

காலை பதினொரு மணிக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, நான் நாணு சார் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்திரிகை வைக்க."

ஆறு வருஷமாக அந்தத் தெருவழியாகக்கூடப் போகாத மனிதர். யாரைக் கேட்டுக்கொண்டு போனீர்கள் என்று கேட்க எழில்மொழி வாயெடுத்தாள். அவர் விடவில்லை.

"கூடத்துல நாற்காலி போட்டு உட்கார வச்சாரு பாப்பா. காப்பி குடுத்தாங்க, டபரா செட்டுல. உங்க தாத்தா அந்த வீட்டுக் கொல்லையத் தாண்டி உள்ள போனது கிடையாது. வர்றேன்னு சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் வர்றாங்களாம்."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்பா அழுது எழில்மொழி கேட்டதில்லை, இப்போதும் அது அழுகைதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணியிடம் மூச்சுவிடாதே, ராத்திரி சாப்பிடும்போது நானே சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணனும் அண்ணியும் மாடியேறி வந்தபோது, எழில்மொழி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் செய்தி தானாக வெளியே வந்துவிடும்போல இருந்தது. அதனால் தினமும் எல்லோருக்கும் ஒப்பிப்பதை அவர்களுக்கும் மடமடவென்று ஒப்பித்தாள். போனைக் கூடையில் போடுங்க. எதையும் உடைக்காதீங்க. உதவி வேணும்னா கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்குங்க, தூக்கினாத்தான் எனக்கு மைக் ஆன் ஆகும், நீங்க பேசறது கேக்கும்.

அந்தக் கடைசி வாக்கியம் பொய். மைக் எப்போதும் ஆனில்தான் இருக்கும். ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் நம் ஊர்க்காரர்கள் கல்யாண வீட்டுப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் வாய்மூடி நின்றார்கள். ஒரு பூட்டும் திறக்கவில்லை. தாவூது பாய்தான் யோசித்து இந்த வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னார். அதன்பிறகு உள்ளே ஒரே கலகலப்பு.

சொந்த அண்ணனிடமும் பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டோம் என்பது, கதவைச் சாத்திவிட்டு வந்து ஹெட்போனை மாட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பரவாயில்லை, வெளியே வந்ததும் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

திரையில் இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். எத்தனையோ குடும்பங்கள், காலேஜ் கூட்டங்கள், புதுமணத் தம்பதிகள் அந்த அறைக்குள் போய்வந்து எழில்மொழி பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு ஜோடியை அவள் பார்த்ததில்லை. ஷைலஜா தராசுத் தட்டில் ஒரு கல்லை வைப்பதற்குள் செழியன் அடுத்த கல்லை எடுத்து நீட்டினான். அவன் சுவர்ப் படங்களைத் திருப்பிப் பார்க்கும்போதே, நாலாவது படத்தின் பின்னால் இருக்கும் என்று அவள் முதுகைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். இருந்தது. பதினைந்து நிமிஷத்தில் மூன்று பூட்டு. எழில்மொழிக்குப் பெருமை தாங்கவில்லை.

"வக்கீல் அனுப்பின பேப்பரைப் பார்த்தீங்களா?" என்றாள் ஷைலஜா, நாலாவது பூட்டைத் திருகிக்கொண்டே.

அந்தக் கதையில் ஒரு வக்கீல் நோட்டீசும் துப்பாக உண்டு. ஆனால் அது இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லையே என்று எழில்மொழி திரையை உற்றுப் பார்த்தாள்.

"பார்த்தேன். ரெண்டு பேரும் ஒண்ணா ஆஜராகணுமாம். எப்போ போகலாம்?"

"இது முடியட்டும். மாமாவுக்கும் அத்தைக்கும் நல்லபடியா நடந்து முடியட்டும். மறுநாள் நான் கிளம்பிடறேன். அப்புறம் நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

நீங்க. அதுதான் எழில்மொழியைக் குத்தியது. பெரியவர்கள் எதிரில் மட்டும்தான் அண்ணிக்கு அந்த 'நீங்க' வரும். தனியாக இருந்தால் 'நீ', கோபம் வந்தால் 'டேய்'. இப்போது பூட்டிய அறைக்குள், யாரும் கேட்கவில்லை என்று நம்பிக்கொண்டு, புருஷனை அவள் 'நீங்க' என்கிறாள்.

ஹெட்போனைக் கழற்றிவிடலாம். உள்ளே ஆள் இருக்கும்போது கழற்றக் கூடாது என்பது வேலை விதி, அதைக்கூட மீறலாம். அல்லது எதிரில் இருக்கும் பொத்தானை அழுத்தி, எனக்குக் கேட்கிறது என்று சொல்லிவிடலாம். விரல் பொத்தான்மேலேயே இருந்தது. எழில்மொழி அழுத்தவில்லை.

அது விவாகரத்துப் பேப்பர் என்பதும், நாலு மாசமாக அவர்கள் ஒரே வீட்டில் இல்லை என்பதும் பேச்சுவாக்கில் தெரிந்தது. ஷைலஜா தோழி ஒருத்தியுடன் வேறு இடத்தில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும் தியேட்டர் வாசலில் சந்தித்து, படம் பார்த்து, விமர்சனம் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு ஆட்டோவில் ஏறிப் போகிறார்கள்.

செழியன் சக்கரத்தின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் செய்த தப்பு, என்று ஆரம்பித்தான்.

ஷைலஜா குரலை உயர்த்தவில்லை. "வியாழக்கிழமை ராத்திரி வயித்துல இருந்த நம்ம புள்ள போச்சு. வெள்ளிக்கிழமை காலைல ஒன்பது மணி காட்சிக்கு நீங்க போனீங்க. நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு உங்க விமர்சனத்தைப் பார்த்தேன். பேய்ப் படம். ஷைலுவுக்கு லேசா காய்ச்சல், அதான் இன்னிக்கு ஒரே டிக்கெட்டுன்னு சொல்லிச் சிரிச்சீங்க. பத்துக்கு ஆறு போட்டீங்க."

எழில்மொழிக்கு அந்த வீடியோ ஞாபகம் இருந்தது. அதன் கீழே, அண்ணி சீக்கிரம் குணமாகட்டும் என்று எழுதி மூன்று சிவப்பு இதயம் போட்டவள் அவள்தான். அம்சம்கூடப் போன் பண்ணி மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொன்னாள். இப்படி ஒரு குழந்தை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒரு வீட்டில் இழவு விழுந்திருக்கிறது, வீட்டுக்காரர்கள் ஒருவருக்கும் தெரியாமல் பதினோரு மாசம் ஓடியிருக்கிறது. எழில்மொழி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அங்க உட்கார முடியலை ஷைலு. எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான், எழுந்து போயிட்டேன். அந்தப் படத்துல என்ன நடந்துச்சுன்னு இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியாது."

"அதை அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா உட்கார்ந்து அழுதிருக்கலாம்" என்றாள் ஷைலஜா.

பிறகு அவள் சக்கரத்தின் பக்கம் போய், அவன் கையிலிருந்த பெல்ட்டை வாங்கி, சரியான பள்ளத்தில் மாட்டினாள். கடைசிப் பெட்டி திறந்துகொண்டது. நாற்பத்தொரு நிமிஷம். அந்த அறை ஆரம்பித்ததிலிருந்து யாரும் அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்ததில்லை. வழக்கப்படி மில் சங்கு ஊதியது. தாவூது பாய் ஆபீஸ் அறையிலிருந்து ஓடிவந்து கைதட்டினார்.

செழியன் வரவேற்பு மேஜைக்கு எதிரே ஸ்டாண்டை நிறுத்திப் போனைப் பொருத்தினான். சிவப்புப் புள்ளி எரிந்ததுதான் தாமதம், இரண்டு பேருக்கும் வேறு முகம் வந்தது. டேய் செழியா, தஞ்சாவூர்ல இப்படி ஒரு இடம் இருக்குன்னு ஏண்டா எனக்குச் சொல்லலை என்று ஷைலஜா அவன் தோளில் தட்டினாள். மரக்காலைப் புகழ்ந்தாள். வெளிச்சம் கொஞ்சம் கம்மி என்று குறை சொன்னாள். அப்பா அம்மாவோடு வாருங்கள், மில் சாமான்களைப் பார்த்து அவர்கள் உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று செழியன் சிபாரிசு செய்தான். நல்ல விமர்சனம், ஒரு வார்த்தை பொய்யில்லை.

சிலேட்டைத் திருப்பினார்கள். அவன் எட்டு, அவள் எட்டு.

தாவூது பாய்க்கு வாயெல்லாம் பல். எழில்மொழிக்கு அந்த இரண்டு எட்டையும் பார்க்க முடியவில்லை. கொஞ்ச காலமாகவே இப்படித்தான். போன மாசம் மூன்று மணி நேர ரவுடிப் படத்துக்கு ஆளுக்கு ஐந்து. அதற்கு முன்னால் அந்த வாத்தியார் படத்துக்கு ஆளுக்கு ஏழு. இப்போதெல்லாம் சண்டையே இல்லை, என்ன ஒற்றுமை என்று ஜனங்கள் எழுதினார்கள். என் பிள்ளையும் மருமகளும் ஒரே மார்க்குதான் போடுகிறார்கள் என்று அம்சம் தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் பூரித்தாள். சண்டை போட வேண்டுமென்றால் எதிராளி என்ன நினைக்கிறார் என்ற அக்கறை வேண்டும். அந்த அக்கறை போய், காட்சிக்கு முன்னாலேயே போனில் நம்பரைப் பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

செழியன் ஸ்டாண்டை மடிக்கும்போது எழில்மொழி அண்ணியை மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போனாள். மைக் ஆனில் இருந்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். ஷைலஜா கோபித்துக்கொள்ளவில்லை.

"எவ்வளவு கேட்டே?"

"எல்லாம் அண்ணி."

"குழந்தை விஷயமும்?"

எழில்மொழி தலையாட்டினாள். ஷைலஜா சுவரில் சாய்ந்துகொண்டாள். பெண் குழந்தை என்று சொன்னார்கள் என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு இத்தனை நாளும் ஆளில்லை.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு எழில்மொழிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இனி எதை மறைப்பது என்று தோன்றிவிட்டது. உங்க அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு வருகிறார்கள், இன்று காலையில் அப்பா அவர்கள் வீட்டுக்கே போய் அழைத்துவிட்டு வந்தார் என்று சொன்னாள். ஷைலஜா படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருஷமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவள் காத்திருந்த செய்தி. அது வந்து சேர்ந்த நாளைப் பாருங்கள்.

"எங்கப்பா என்னைப் பார்க்க வர்றார்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க நிப்பேன் எழில்?"

எழில்மொழி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்ததைச் சொல்லும்போது அப்பாவின் குரல் எப்படி இருந்தது தெரியுமா, அவர் ஒருநாள், ஒரே ஒருநாள் தலைநிமிர்ந்து மணையில் உட்காரட்டும், அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் நடக்கட்டும் என்றாள். தான் கேட்பது சுயநலம் என்று அவளுக்கே தெரிந்தது. ஷைலஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி என்றாள்.

அவர்கள் எழுந்திருப்பதற்குள் கீழே வாசலில் செருப்புச் சத்தம். கண்ணுசாமி. ராத்திரிவரை பொறுக்க முடியாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூருக்கே வந்துவிட்டார். காலையில் நாணு வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போன அதே சலவை வேட்டி. கையில் ஒரு மஞ்சள் பை. மூச்சு வாங்க மேலே வந்து, நேராக மருமகளிடம் பையை நீட்டினார்.

"உங்கம்மா குடுத்தாங்கம்மா. மோர்மிளகாயாம். உனக்குப் பிடிக்கும்னு வருஷா வருஷம் போட்டு வைக்கிறாங்களாம். குடுத்தனுப்பத்தான் ஆள் இல்லைன்னு சொன்னாங்க."

ஷைலஜா பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த செழியன் கதவருகிலேயே நின்றுவிட்டான். மருமகளின் கண்ணீரைக் கண்டு கண்ணுசாமிக்கு உச்சி குளிர்ந்தது. இது சந்தோஷக் கண்ணீர் என்று எடுத்துக்கொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் காலையில் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார். கதவைத் தட்டக் கை வராமல் கொஞ்ச நேரம் வாசலில் நின்றது, நாணுவே எழுந்து வந்தது, எல்லாவற்றையும் சொன்னார்.

"அவரு ஒண்ணே ஒண்ணுதாம்மா கேட்டாரு. எம் பொண்ணு அங்க சந்தோஷமா இருக்காளா, அதை மட்டும் நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுங்கன்னாரு. அதுக்கு நான் ஜவாப்தாரின்னு சொல்லிட்டு வந்தேன். என் அறுபது வயசு மேல சத்தியம்னு அவரு கையில அடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

எழில்மொழி அண்ணியைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஷைலஜா அவளைப் பார்க்கவில்லை. மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக ஒருவர் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறார். உண்மை தெரியாத அந்த மனிதர் தலையில் அந்தச் சத்தியத்தை எட்டு நாள் சுமத்தி வைக்க அவளால் ஆகாது.

"மாமா, இங்க வந்து உட்காருங்க" என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

செழியன் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவுக்குப் போட்டான்.